தாளம் தவறும் இதயம்

மாணவர்களே, மேலே படிக்குமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இடக்கை மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, வலக்கையின் இரு விரல்களை மெதுவாக வைத்து நாடித் துடிப்பை உணருங்கள். இப்போது நிதானமாக மூச்சை உள்ளே இழுங்கள். பின்னர் மெல்ல வெளியே விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும், விடும்போது தாமதிப்பதையும் உங்களுள் பலர் காண்பீர்கள்.

அப்படியானால் இதயம் ஒழுங்கின்றித் துடிக்கிறது என்றுதானே பொருள்? ஆம். ஆயினும் அஞ்ச வேண்டியதில்லை. இளவயதில் இது இயல்பானது. எப்போதாவது 'ஒரு துடிப்பு தவறிவிட்டது' போலத் தோன்றுவதும் உண்டு. அது பெரும்பாலும் முந்திக்கொண்டு வந்த ஒரு துடிப்பும், அதன் பின் வரும் சிறு ஓய்வுமே ஆகும்.

தாளம் தவறுவதெல்லாம் நோயன்று எனில், எதுதான் நோய்? அதற்குத் தாளம் பிறக்கும் இடத்தை முதலில் காண வேண்டும். வலது மேலறையின் சுவரில் சைனஸ் கணு என்ற சிறு திசு உள்ளது. இதிலிருந்து புறப்படும் மின் அலை மேலறைகளைச் சுருங்கச் செய்து, நடுவிலுள்ள மற்றொரு கணுவில் ஏறத்தாழ 10-இல் ஒரு பங்கு விநாடி தாமதித்து, பிறகு நுண்ணிய இழைகளின் வழியே கீழறைகள் முழுவதும் பாய்கிறது. உடனே கீழறைகள் ஒருசேரச் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுகின்றன. அந்தத் தாமதம் வீணன்று. கீழறைகள் இரத்தத்தால் நிரம்ப அந்த நேரம் தேவை. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை இது நடக்கிறது.

மின் அலை தசையின் வழியாகவே செல்வதால், தசை கெட்டால் தாளமும் கெடும். இதயத் தசையையே தாக்கும் நோய்களுக்குக் கார்டியோமயோபதி என்று பெயர். ஒரு வகையில் இதய அறை பலூன் போல் விரிந்து, சுவர் தளர்ந்துவிடும். இளைஞரைப் பொறுத்தவரை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது மற்றொரு வகையான தசைத் தடிப்பு நோய். பெரியவர்களின் இடது கீழறைச் சுவர் வழக்கமாக 12 மில்லிமீட்டருக்கு மேல் இராது. இந்நோயில் 15 மில்லிமீட்டரையும் தாண்டுகிறது. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இது உண்டு என்பது மருத்துவர்களின் கணக்கு.

தடித்த தசை வலிய தசைதானே என்று நீங்கள் கேட்கலாம். அன்று. தேர் வடம் பிடிப்போர் அனைவரும் ஒரே திசையில் இழுத்தால் தேர் நகரும். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால்? இந்நோயில் தசை அணுக்கள் வரிசை குலைந்து, குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. இடையிடையே தழும்பும் விழுகிறது. நேரே செல்ல வேண்டிய மின் அலை, பாறையில் மோதிய வாய்க்கால் நீர் போலச் சுழித்துத் திரும்பி, சற்றுமுன் சுருங்கி ஓய்ந்த தசையை மீண்டும் தூண்டுகிறது. இச்சுழல் தொடர்ந்தால் கீழறைகள் கட்டுக்கடங்காத வேகத்தில் துடிக்கும். சுழல் பலவாகச் சிதறினால் அவை வெறுமனே நடுங்கும், இரத்தம் நகராது. மனிதர் சில விநாடிகளில் நினைவிழந்து விழுவார்.

2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில் காமரூன் நாட்டுக் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோ ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்தார். அவருக்கு வயது 28. அவருடைய இதயத்தில் இத்தடிப்பு நோய் இருந்ததைப் பிணக்கூறு ஆய்வு காட்டியது. கட்டான உடல் இதயத்துக்கு நற்சான்று ஆகாது.

இத்தகையோரைக் காக்கும் கருவி பிறந்த கதை சுவையானது. இஸ்ரேலில் பணியாற்றிய மிஷேல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவரின் தலைமை மருத்துவர், தாளக் கோளாற்றினால் 1966-இல் இறந்தார். நடுங்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தந்து மீட்கும் பெரிய இயந்திரம் அன்று மருத்துவமனைகளில் இருந்தது. ஆனால் நோயாளி எந்நேரமும் மருத்துவமனையிலேயே இருக்க முடியுமா? அதைச் சிறிதாக்கி உடலுக்குள்ளேயே வைத்தால் என்ன என்று மிரோவ்ஸ்கி எண்ணினார். புகழ்பெற்ற மருத்துவர் பெர்னார்ட் லவுன் 1972-இல் இம்முயற்சியைக் கடுமையாக மறுத்து எழுதினார். மின்னதிர்ச்சி இயந்திரத்தைச் செம்மைப்படுத்தியவரே அவர்தாம் என்பது வேடிக்கை! மிரோவ்ஸ்கி தளரவில்லை. 1980 பிப்ரவரி 4 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முதன்முதலாக ஒருவருடைய உடலில் அக்கருவி வைக்கப்பட்டது. அதன் எடை சுமார் கால் கிலோ.

ஐ.சி.டி. எனப்படும் இன்றைய கருவி உள்ளங்கையில் அடங்கும். தோளெலும்பின் கீழே தோலுக்கடியில் அமர்ந்து, ஒவ்வொரு துடிப்பையும் கண்காணிக்கிறது. ஆபத்தான தாளம் எழுந்தால் முதலில் மெல்லிய மின் துடிப்புகளால் அடக்கப் பார்க்கும். முடியாவிடில் அதிர்ச்சி தரும். மார்பில் யாரோ ஓங்கி உதைத்தாற்போல் இருக்குமாம். உதை கணநேரமே, ஆனால் 'மீண்டும் எப்போது?' என்ற அச்சம் மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. பலருக்கு நோயைவிட இவ்வச்சமே பெரும் சுமை. இதையும் மருத்துவரிடம் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். ஓர் அதிர்ச்சிக்குப் பின் உடல் நலமாகத் தோன்றினால் மருத்துவருக்குத் தெரிவித்தால் போதும்; அடுத்தடுத்து வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்நோயர் எல்லோருக்கும் கருவி தேவைப்படுவதில்லை. பலர் மாத்திரையோடு வாழ்கின்றனர். மெட்டோபுரோலால் போன்ற மருந்துகள் துடிப்பை நிதானப்படுத்தி, அறைகள் நிரம்ப நேரம் தருகின்றன. உடலில் நீர் வற்ற விடக்கூடாது. கைப்பேசியைக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைத்தல் நன்று. சட்டைப்பை அதற்கு ஏற்ற இடமன்று. ஒரு காலத்தில் விளையாட்டே கூடாது என்று தடுத்தனர். இன்றோ மருத்துவரைக் கேட்டு, நடை போன்ற மிதமான பயிற்சி செய்வது நல்லது என்கின்றனர்.

இந்நோய் பெரும்பாலும் ஜீன்கள் வழியே வருவது. பெற்றோரில் ஒருவருக்குக் குறையுள்ள ஜீன் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 2-இல் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே ஒருவருக்கு நோய் கண்டால் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் இ.சி.ஜி., எக்கோ சோதனைகள் செய்துகொள்ள வேண்டும். நம் நாட்டுக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. இதயத் தசைப் புரதம் ஒன்றின் ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இந்தியத் துணைக்கண்டத்தில் 100 பேரில் ஏறத்தாழ 4 பேரிடம் காணப்படுவதாகப் பெருந்துறை தண்டபாணி, குமாரசாமி தங்கராஜ் முதலியோர் 2009-இல் கண்டறிந்தனர். இதை உடையோர் எல்லோரும் நோயாளிகள் அல்லர். இதனுடன் சேர்ந்து வரும் வேறு மாற்றங்களே தடிப்பு நோய்க்கு முக்கியக் காரணம் என்று பிந்திய ஆய்வுகள் காட்டுகின்றன.

நிற்க. வெயிலில் நெடுநேரம் நின்று மயங்குவது பள்ளிகளில் சாதாரணம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவன் மயங்கி விழுந்தால், அவன் எழுந்து சிரித்தாலும், அதை ஆசிரியரிடமும் வீட்டிலும் சொல்லியே ஆக வேண்டும். உறவினருள் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் கூறுங்கள். விழுந்தவன் அழைத்தும் விழிக்காமல், இயல்பாக மூச்சும் விடாமல் கிடந்தால், ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றொருவர் மார்பின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். கை சோர்ந்தால் அடுத்தவர் தொடரலாம்.