திருப்பி அடிக்கச் சொல்லலாமா?

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகனை 'பூசணிக்கா' என்று கேலி செய்து, ரப்பரையும் பிடுங்கிக்கொள்கிறார்களாம். அழுதுகொண்டே வருகிறான். "திருப்பி அடிடா" என்கிறார் கணவர். சரியா?
- ஒரு வாசகி, கரூர்

வேண்டாம். முதலில் அடித்தவன் நழுவிவிடுவான். திருப்பி அடித்தவன்தான் டீச்சரிடம் மாட்டுவான்! கணவருக்கு வேறு வேலை கொடுங்கள். தினமும் ஐந்து நிமிடம் அவர் ரப்பர் பிடுங்கும் பையனாக நடிக்கட்டும். மகன் நிமிர்ந்து நின்று, "குடு, அது என்னோடது" என்று உரக்கச் சொல்லிப் பழகட்டும். கேலிக்கு நின்று பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டால், அழுகையை எதிர்பார்த்தவனுக்குச் சப்பென்று ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வகுப்புத் தோழன் ஒருவனை விளையாட அழையுங்கள். கூட்டாளி உள்ள பிள்ளையைச் சீண்டத் தயங்குவார்கள். டீச்சரிடம் சொல்வது கோள்மூட்டுவதல்ல என்றும் சொல்லிவையுங்கள். யாராவது கை நீட்டினால், மறுநாளே நீங்கள் பள்ளிக்குப் போங்கள். அங்கே தீராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.