இளைப்பு ஒன்று, காரணம் பல



நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, விடிந்தால் இருமலும் சளியும் என்று சொல்லும் பெரியவர்கள் நம் மஹல்லாக்களில் பலர் இருக்கிறார்கள். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நாமும் விட்டுவிடுகிறோம். அது சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் உலகில் சுமார் 35 லட்சம் பேர் இந்நோயால் இறந்தார்கள்.

இந்நோயில் நுரையீரலுக்குள் இரண்டு விதமான கெடுதல் நடக்கிறது. ஒன்று, மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளி கட்டுவது. இரண்டு வருடம் தொடர்ந்து, வருடத்துக்கு மூன்று மாதமாவது சளியோடு இருமல் இருந்தால் அது நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி. மற்றொன்று, காற்றுப் பைகளின் சுவர் சிதைந்து, இழுத்த காற்று வெளியே வராமல் உள்ளேயே தேங்குவது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். எது அதிகம் என்பது பெரும்பாலும் நோய் வந்த காரணத்தைப் பொறுத்தது. கோல்ட் என்ற சர்வதேச மருத்துவக் குழுவும் 2023 அறிக்கையில், காரணத்தை வைத்து இந்நோயை வகை பிரித்தது. நம் பகுதிக்குத் தேவையான நான்கை மட்டும் இங்கே பார்ப்போம்.

1. பீடி, சிகரெட்டால் வருவது

பெரும்பாலும் ஆண்கள், பல வருடம் புகைத்தவர்கள். காற்றுப் பைகள் சிதைவது இவர்களிடம் அதிகம். உடல் மெலியும், நடந்தால் மூச்சு முட்டும். புகையை விட்டால் நோய் வேகமாக முற்றுவது குறையும். எந்த வயதில் விட்டாலும் பலன் உண்டு.

2. அடுப்புப் புகை, தூசியால் வருவது

பீடியைத் தொட்டே பார்க்காத நம் தாய்மார்களுக்கு வருவது இந்த வகை. முள் விறகு, பருத்திமார், வரட்டி எரித்துப் பல காலம் சமைத்தவர்கள் இவர்கள். இருமலும் சளியும் தூக்கலாக இருக்கும். காற்றுப் பைச் சிதைவு பொதுவாகக் குறைவு. திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், 2.44 சதவீதம் பேருக்கு இந்நோய் இருந்தது. தினமும் 2 மணி நேரத்துக்கு மேல் சமையலில் இருந்தவர்களிடம் அது 3 சதவீதம்.

அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் ஆலை, பெரம்பலூரின் கல் குவாரி, வளைகுடா நாடுகளின் கட்டுமானப் பணி ஆகியவற்றில் தூசியைச் சுவாசித்தவர்களும் இந்த வகையில் சேருவார்கள்.

3. காசநோய்க்குப் பின் வருவது

டி.பி. குணமான பிறகும் நுரையீரலில் தழும்பு நின்றுவிடும். இவர்களில் சிலருக்கு நடுத்தர வயதிலேயே இளைப்பு தொடங்கும். நிறையச் சளி வரும், சிலருக்கு ரத்தமும் கலந்து வரும். மறுபடி டி.பி. வந்துவிட்டதாக நினைத்துப் பயந்து மறைக்க வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம்.

4. ஆஸ்துமாவோடு கலந்து வருவது

சிறு வயதிலேயே வீசிங், தும்மல், ஒவ்வாமை இருந்தவர்கள். ஒரு நாள் நன்றாக இருப்பார்கள், மறுநாள் விடியற்காலையில் இழுக்கும். இவர்களுக்கு ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் அவசியம். மற்ற வகையினர் எல்லோருக்கும் அது தேவைப்படாது. பக்கத்து வீட்டுக்காரரின் மருந்தை வாங்கிப் போடக்கூடாது என்பது இதனால்தான்.

மருத்துவரிடம் என்ன சொல்வது?

எக்ஸ்ரேயை மட்டும் வைத்து இந்நோயை உறுதி செய்ய முடியாது. ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை வேண்டும். அழைத்துப் போகும் பிள்ளைகள் நான்கு விஷயங்களைத் தாங்களாகவே சொல்லுங்கள்: எத்தனை வருடம் புகைத்தார் அல்லது விறகில் சமைத்தார், என்ன வேலை பார்த்தார், முன்பு டி.பி. வந்ததா, சிறு வயதில் வீசிங் இருந்ததா. புகைக்காத பெண்களிடம் அடுப்பைப் பற்றி யாரும் கேட்காமல் போனால், நோய் பல வருடம் தெரியாமலே இருந்துவிடும்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற பயம் வேண்டாம். மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் குறைந்த அளவே போதும். உபயோகிக்கும் முறையை மருத்துவர் முன்னால் ஒரு தடவை செய்து காட்டிச் சரிபார்த்துக் கொள்ளுங்கள். ஸ்டீராய்டு கலந்ததைப் போட்ட பின் வாய் கொப்பளிக்க வேண்டும்.

நோன்பு நாட்களில் பஃப் எடுக்கலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ரமலானுக்கு முன்பே மருத்துவரையும் உங்கள் பள்ளி இமாமையும் கலந்து பேசுங்கள். தினம் இரு வேளை போடும் மருந்தை ஸஹரிலும் இஃப்தாரிலும் மாற்றி அமைக்க முடியும். மூச்சுத் திணறினால் தயங்காமல் மருந்து எடுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மயக்கமாக இருந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

எந்த நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். இந்நோயில் சிதைந்த பகுதி பழையபடி ஆகாது. ஆனாலும் தக்க சிகிச்சையால் நடக்கவும் நின்று தொழவும் பலருக்கு முடிகிறது. இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் இருமலைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.