கூடி அளந்த வானம்

நுழையும்முன்

வானத்தைப் பார்த்து மழையைக் கணிப்பது மனிதனின் தொன்மையான வழக்கம். எனினும், ஒருவர் நிற்கும் இடத்திலிருந்து தெரிவது வானத்தின் ஒரு சிறு பகுதியே. தனித்தனியே கண்டவற்றை ஒன்றுசேர்த்து முழுமையான அறிவாக்க வானிலை அறிஞர்கள் சங்கம் அமைத்தனர். அத்தகைய சங்கம் தன் உறுப்பினர்க்கு எதை வழங்குகிறது? அவர்களிடம் எதை எதிர்பார்க்கிறது? இங்கிலாந்தின் அரச வானிலையியல் சங்க வரலாற்றின் வழியே இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

தனியொருவரால் இயலாத அறிவியல்

வேதியியல் அறிஞர் தம் ஆய்வுக்கூடத்தில் தனித்திருந்து ஒரு சேர்மத்தைப் பகுத்தறியலாம். நிலவியல் அறிஞர் ஒரு மலைச்சரிவின் பாறை அடுக்குகளைத் தாமே ஆராய்ந்து முடிவுக்கு வரலாம். வானிலையியல் அறிஞர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. இன்று ஓர் ஊரில் பெய்யும் மழை, நேற்று வேறோரிடத்தில் கடல்மீது உருவான காற்றழுத்தத் தாழ்வின் விளைவாக இருக்கலாம். தம் ஊரின் காற்றழுத்தத்தை மட்டும் ஒருவர் வாழ்நாள் முழுவதும் குறித்துவந்தாலும், அழுத்தம் குறைந்ததை அறிவாரேயன்றி அது எங்கிருந்து வந்தது, எங்குச் செல்கிறது என்பதை அறியார்.

பிற்காலத்தில் கலைத் திறனாய்வாளராகப் புகழ்பெற்ற ஜான் ரஸ்கின், தம் இளமையிலேயே இவ்வுண்மையை உணர்ந்திருந்தார். 1839-இல் இலண்டன் வானிலையியல் சங்கத்தின் வெளியீட்டில் எழுதிய கட்டுரையில், ஏனைய துறையினர் தனித்து இயங்கலாம். வானிலையை ஆராய்பவரோ தனித்து நின்றால் வலுவற்றவர் என்னும் கருத்தை அவர் வலியுறுத்தினார். அந்தச் சங்கம் நீண்டநாள் நிலைக்கவில்லை. ஆயினும், அதன் தேவை மறையவில்லை.

சங்கத்தின் தோற்றம்

1850 ஏப்ரல் 3 அன்று, இங்கிலாந்தின் ஐல்ஸ்பரி நகருக்கு அருகிலுள்ள ஹார்ட்வெல் மாளிகையின் நூலகத்தில் வானிலை ஆர்வலர் சிலர் கூடினர். அம்மாளிகை ஜான் லீ என்னும் அறிவியல் ஆர்வலருக்கு உரியது. அன்று பிறந்ததே பிரித்தானிய வானிலையியல் சங்கம். கிரீனிச் வானாய்வகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் கிளைஷர் அதன் செயலாளரானார். 1866-இல் சங்கம் அரச பட்டயம் பெற்றது. 1883-இல் விக்டோரியா அரசியின் இசைவுடன் ‘அரச வானிலையியல் சங்கம்’ என்னும் இன்றைய பெயரைப் பெற்றது. 1921-இல் ஸ்காட்லாந்து வானிலையியல் சங்கம் இதனுடன் இணைந்தது.

பொது அளவை

சங்கம் உறுப்பினர்க்கு வழங்கிய முதற்கொடை பொது அளவை ஆகும். ஒருவர் வெப்பமானியை வெயில் படும் சுவரில் மாட்டுகிறார். மற்றொருவர் நிழலான தாழ்வாரத்தில் தொங்கவிடுகிறார். ஒருவர் மழைமானியைத் திறந்த வெளியில் வைக்கிறார். மற்றொருவர் மரத்தடியில் வைக்கிறார். ஒருவர் காலையில் அளவெடுக்கிறார்; மற்றொருவர் மாலையில் எடுக்கிறார். இவர்கள் அனைவரும் உண்மையையே எழுதினாலும், அவர்தம் எண்களை ஒப்பிட இயலாது. ஒப்பிட இயலாத எண்கள் எத்தனை சேர்ந்தாலும் அறிவியல் ஆவதில்லை.

ஆகவே, எக்கருவியை எங்கே வைப்பது, எந்நேரத்தில் அளப்பது என்பன குறித்த விதிகள் வகுக்கப்பட்டன. இப்பணிக்குத் தம் வாழ்நாளை அளித்தவர் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ். சங்கத்தின் செயலாளராகப் பல்லாண்டு பணிபுரிந்த இவர், 1860-இல் 168 இடங்களின் மழையளவைத் தொகுத்து வெளியிட்டார். பாதிரியார், மருத்துவர், நிலவுடைமையாளர், தோட்டக்காரர் எனப் பலதரப்பட்டோர் ஊதியமின்றி நாள்தோறும் மழையை அளந்து அவருக்கு அனுப்பினர். அந்த அளவையகங்களின் எண்ணிக்கை பின்னாளில் 3,000-ஐக் கடந்தது. தம் தோட்டத்து மழையை அளந்தவர், நாட்டின் மழை வரைபடத்தில் தமக்கும் ஒரு புள்ளி இருப்பதைக் கண்டார்.

தெரியுமா?

வானிலை நிலையங்களில் வெண்ணிறம் பூசிய மரப்பெட்டி ஒன்று கால்கள்மீது நிற்பதைக் காணலாம். அதன் பக்கங்களில் சாய்வான பலகைகள் அடுக்கப்பட்டிருக்கும். காற்று உள்ளே செல்லும். வெயில் நேரடியாகப் படாது. வெப்பமானிகளைக் காக்கும் இதற்கு ‘ஸ்டீவன்சன் பெட்டி’ என்று பெயர். கலங்கரை விளக்கங்களைக் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1864-இல் இதனை அறிமுகப்படுத்தினார். ‘புதையல் தீவு’ என்னும் புதினத்தை எழுதிய ஆர்.எல். ஸ்டீவன்சன் இவருடைய மகன்.

திறந்த கதவு

பட்டம் பெற்றவர்க்கு மட்டுமன்றி, கருத்தூன்றிக் கவனிப்பவர்க்கும் சங்கம் இடமளித்தது. வேளாண்மையைத் தாக்கும் பூச்சிகளை ஆராய்ந்த எலினார் ஆர்மராட், 1878-இல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார். பெண்களுக்குப் பல அறிவியல் அமைப்புகளின் கதவுகள் மூடியிருந்த காலம் அது.

சர்ரே மாவட்டத்தின் கோபம் என்னும் ஊரில் கரோலின் மோல்ஸ்வொர்த் என்னும் பெண்மணி 1825 முதல் 1850 வரை வானிலையையும் செடிகொடிகளின் பருவ மாற்றங்களையும் குறித்துவைத்திருந்தார். அக்குறிப்புகளைத் தொகுத்து 1880-இல் நூலாக்கியவர் ஆர்மராடே. ஒரு வீட்டின் பேழையில் மறைந்து போயிருக்கக்கூடிய கால்நூற்றாண்டு உழைப்பு அவ்வாறு பொதுச் சொத்தாயிற்று.

பருவந்தோறும் முதல் மலர் என்று பூத்தது, முதல் பறவை என்று வந்தது என்பனவற்றைத் திரட்டும் பணியையும் சங்கம் 1875-இல் தொடங்கி, எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தியது. காலநிலை மாற்றத்தை ஆராய்வோர்க்கு இத்தகைய பழங்குறிப்புகள் இன்று அரிய சான்றுகளாக விளங்குகின்றன.

கேட்கும் செவியும் மறுக்கும் நாவும்

கருவிகளும் விதிகளும் பணம் இருந்தால் கிடைத்துவிடும். அறிவைச் சோதித்துப் பார்க்கும் அவை அவ்வளவு எளிதில் கிடைப்பதன்று. சங்கம் தன் உறுப்பினர்க்கு அளிக்கும் கொடைகளுள் தலையாயது அதுவே. அதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடலாம்.

கை ஸ்டூவர்ட் காலெண்டர் நீராவித் தொழில்நுட்பத்தில் தேர்ந்த பொறியாளர். வானிலை ஆய்வு அவர்தம் தொழிலன்று. ஓய்வு நேரங்களில் உலகின் பல பகுதிகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களின் வெப்பநிலைப் பதிவுகளைத் திரட்டி, கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் அனைத்தையும் கையாலேயே கணக்கிட்டார். முந்தைய அரை நூற்றாண்டில் உலகின் வெப்பநிலை ஆண்டுக்கு ஏறத்தாழ 0.005 பாகை செல்சியஸ் வீதம் உயர்ந்துள்ளது எனக் கண்டார். நிலக்கரி முதலிய எரிபொருள்களை எரிப்பதால் காற்றில் கலக்கும் கார்பன் டை ஆக்சைடு அவ்வுயர்வுக்கு ஒரு முதன்மைக் காரணம் என்றும் கருதினார்.

1938 பிப்ரவரி 16 அன்று அவர் தம் முடிவுகளைச் சங்கத்தின் கூட்டத்தில் முன்வைத்தார். அவையில் இருந்தோர் துறையின் முன்னணி அறிஞர்கள். அவர்கள் அம்முடிவை எளிதில் ஏற்கவில்லை. பழைய வெப்பமானிகளின் அளவுகளை எந்த அளவுக்கு நம்புவது என்று ஒருவர் வினவினார். வெப்பம் உயர்ந்திருப்பது உண்மையாயினும், காற்றோட்ட மாற்றமே அதற்குப் போதிய காரணம் என்று மற்றொருவர் கூறினார். வளிமண்டலத்தின் சிக்கலான இயக்கத்தை இக்கணக்கு முழுமையாகக் கருதவில்லை என்னும் குறையும் சுட்டப்பட்டது.

அதன்பின் நடந்ததே கருதத்தக்கது. ஏற்காத கருத்து என்பதற்காகச் சங்கம் அக்கட்டுரையை ஒதுக்கிவிடவில்லை. தன் காலாண்டிதழில் அதனை வெளியிட்டது. அவையில் எழுந்த மறுப்புரைகளையும் அவற்றுக்குக் காலெண்டர் அளித்த விடைகளையும் உடன் அச்சிட்டது. படிப்பவர் இருபக்க வாதங்களையும் எடைபோட்டு அறிய வழிசெய்தது. காலெண்டரும் மறுப்புகளைக் கண்டு மனம் தளரவில்லை. மேலும் சான்றுகளைத் திரட்டித் தொடர்ந்து எழுதினார். 1949-இல் சங்கத்தின் ‘வெதர்’ இதழிலும் அவர் இதே பொருள் குறித்து ஒரு கட்டுரை எழுதினார்.

காலெண்டர் கூறிய யாவும் சரியென்று கொள்வதற்கில்லை. இவ்வெப்ப உயர்வு மனிதர்க்கு நன்மை தரும் என்றே அவர் நம்பினார். ஆயினும், 1958 முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர்ந்து எடுக்கப்பட்ட அளவுகள், காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஆண்டுதோறும் பெருகுவதை உறுதிசெய்தன. 2013-இல் அதே காலாண்டிதழில் அறிவியலாளர் இருவர் காலெண்டரின் கணக்கை இன்றைய தரவுகளோடு ஒப்பிட்டனர். அவர் கண்ட வெப்ப உயர்வு இன்றைய மதிப்பீட்டோடு நன்கு பொருந்தியது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் அக்கணக்கைச் சரிபார்க்க முடிந்ததற்குக் காரணம், அது அச்சில் காக்கப்பட்டிருந்தமையே.

நம் மண்ணோடு ஓர் இணைப்பு

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. பருவமழை பொய்ப்பதை முன்னரே அறிய இயலுமா என்னும் வினா உயிர் காக்கும் வினாவாயிற்று. 1904 முதல் 1924 வரை இந்திய வானாய்வகங்களின் தலைமை இயக்குநராக விளங்கிய கில்பர்ட் வாக்கர் அவ்வினாவுக்கு விடை தேடினார். உலகின் பல இடங்களின் காற்றழுத்தப் பதிவுகளை ஒப்பிட்டு, பசிபிக் பெருங்கடற் பகுதியில் அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடற் பகுதியில் தாழ்வதையும், முன்னதில் தாழும்போது பின்னதில் உயர்வதையும் கண்டார். இதற்குத் ‘தெற்கத்திய அலைவு’ எனப் பெயரிட்டார்.

இங்கிலாந்து திரும்பிய வாக்கர் சங்கத்தின் தலைவரானார். தம் ஆய்வின் தொடர்ச்சியைச் சங்க வெளியீடுகளில் எழுதினார். காரணம் விளங்காத தொடர்பை எவ்வாறு ஏற்பது எனச் சிலர் ஐயுற்றனர். 1960-களில் யாக்கோப் பியர்க்னஸ் அவ்வலைவுக்கும் எல் நினோவுக்கும் உள்ள தொடர்பை விளக்கியபோது ஐயம் நீங்கியது. வாக்கர் தொகுத்தவற்றுள் இந்தியாவின் மழைமானிகள் அளந்த எண்களும் அடங்கும்.

இன்றைய பணி

ரெடிங் நகரில் இயங்கும் சங்கம் இன்று ஆய்விதழ்களை வெளியிடுகிறது, கூட்டங்களை நடத்துகிறது, இளம் ஆய்வாளர்க்குப் பயண உதவி அளிக்கிறது, சைமன்ஸ் நினைவாகத் தங்கப் பதக்கம் வழங்குகிறது. கல்வியும் பட்டறிவும் உடையோரை மதிப்பிட்டு, ‘பட்டயம் பெற்ற வானிலையியலாளர்’ என்னும் தகுதியையும் தருகிறது. வானிலை பற்றி யார் வேண்டுமானாலும் கருத்துரைக்கலாம் என்னும் நிலையில், எவர் சொல்லை நம்புவது என்று திகைக்கும் மக்களுக்கு இத்தகுதி ஒரு வழிகாட்டி. அதனைப் பெற்றவரும் தம் அறிவைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொள்ளும் கடமை உடையவராகிறார். நம் நாட்டில் இந்திய வானிலையியல் சங்கம் இத்தகைய பணிகளை ஆற்றிவருகிறது. சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு.

சங்கம் தரும் பதக்கமும் பட்டமும் சிலர்க்கே கிட்டும். தம் அளவையைப் பிறர் சரிபார்க்கத் தருவதும், பிறர் கருத்தை மறுக்கும்போதும் அதனை முழுமையாகக் கேட்பதும் உறுப்பினர் அனைவர்க்கும் உரிய கடமைகள். அக்கடமைகளை ஏற்றவர்க்கே வானத்தின் சிறு பகுதியைக் கண்ட கண், முழு வானத்தையும் காணும் பேறு வாய்க்கிறது.

கற்பவை கற்றபின்

1. பள்ளி வளாகத்தில் மழைமானி ஒன்றை அமைத்து, ஒரு மாதம் நாள்தோறும் காலை ஒரே நேரத்தில் அளவெடுத்துப் பதிவுசெய்க. அருகிலுள்ள வேறொரு பள்ளியின் பதிவோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கான காரணங்களைக் கலந்துரையாடுக.

2. ‘ஏற்க இயலாத கருத்தையும் அச்சிட்டுக் காப்பது அறிவியலுக்கு நன்மை தரும்’ – காலெண்டரின் கட்டுரையைச் சான்றாகக் கொண்டு வகுப்பறையில் வாதிடுக.

3. உங்கள் ஊரில் மரங்கள் பூக்கும் காலம், பறவைகள் வரும் காலம் ஆகியன முன்னர் எவ்வாறு இருந்தன என்பதை முதியோரிடம் கேட்டறிந்து தொகுக்க.