வணிக விமானி உரிமம்: ஐரோப்பிய விதிமுறைகளும் நம் கணக்குப் பாடமும்

விமானி ஆக விரும்பும் மாணவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிமுறைகளை எடுத்துக்காட்டாக விளக்கலாம்.

தகுதி: அங்கு வணிக விமானி உரிமம் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்று கட்டாயம். உரிய வரம்புக்குள் கண்ணாடி அணியலாம். நிறமறியும் திறனும் சோதிக்கப்படும். எனவே, பயிற்சிக் கட்டணம் செலுத்தும் முன்பே மருத்துவச் சோதனையை முடிப்பது நல்லது.

எழுத்துத் தேர்வு: வானிலையியல், வான்வழிச் சட்டம், பறத்தல் கோட்பாடு உள்ளிட்ட ஒவ்வொரு தாளிலும் 75 விழுக்காடு பெற வேண்டும். ஒரு தாளின் குறையை மற்றொரு தாளின் மதிப்பெண் ஈடுசெய்யாது.

பறத்தல்: ஒருங்கிணைந்த பயிற்சியில் குறைந்தது 150 மணி நேரம், பகுதி பகுதியாகப் பயில்வோருக்கு 200 மணி நேரம். விமானப் பொறுப்பைத் தாமே ஏற்று, 540 கி.மீ. பயணத்தில் வேறு இரு விமானத்தளங்களில் இறங்கிக் காட்ட வேண்டும். இறுதியில் செய்முறைத் தேர்வு உண்டு.

வகுப்பறைச் செயல்பாடு: மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் 540 கி.மீ. கடக்க 3 மணி நேரம் ஆகும். எதிர்க்காற்று மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வீசினால்? மாணவர்களே கணக்கிடட்டும். விடை 3 மணி 36 நிமிடம். அந்த 36 நிமிடத்துக்கான எரிபொருளைப் புறப்படும் முன்பே கணக்கிட்டு நிரப்பியிருக்க வேண்டும். 'இந்தக் கணக்கு எதற்கு?' என்று கேட்கும் மாணவருக்கு இதுவே விடை.