முதுகில் ஊசி போடும் நேரத்தில் யார் கூட இருக்கலாம்?

கர்ப்பிணியின் கணவன் மலையேறக் கூடாது, முடி எடுக்கக் கூடாது என்ற பழக்கம் தமிழ் வீடுகளிலும் உண்டு, தெலுங்கு வீடுகளிலும் உண்டு. இரண்டு மொழியும் ஒரே தெருவில் புழங்கும் திருத்தணியில் இது இரு பக்கமிருந்தும் காதில் விழும். முருகன் மலைமேல் இருக்கும் ஊரில், அந்தச் சில மாதங்கள் அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்வதால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அதே மூச்சில் சொல்லப்படும் வேறு சில பேச்சுகள், வலியில் துடிக்கும் பெண்ணைத் தனியாக விட்டுவிடுகின்றன. அதுவும் முதுகில் எபிடியூரல் ஊசி போடும் நேரத்தில்.

"லேபர் வார்டுக்குள்ள யாரையும் விட மாட்டாங்க, அதுதான் சட்டம்." அப்படி ஒரு சட்டம் இல்லை. தமிழ்நாடு 2004ஆம் ஆண்டிலேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதித்தது. மத்திய அரசு 2016இல் நாடு முழுவதற்கும் அதையே அறிவித்தது. ஆகவே எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் நகரி, புத்தூரில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். துணையாக வருபவர் ஏற்கெனவே பிள்ளை பெற்ற பெண்ணாக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடையில் வர வேண்டும், சிகிச்சையில் தலையிடக் கூடாது என்பவை நிபந்தனைகள். ஒவ்வொரு பெண்ணுக்கும் மறைப்பு இருக்கும் இடங்களில் கணவரும் இருக்கலாம் என்று அந்த அறிவிப்பே சொல்கிறது. "ஆம்பளை உள்ளே போனா தீட்டு" என்பதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனை வாசலில் அதற்கு வேலை இல்லை.

எபிடியூரல் என்பது ஊரில் 'வலியில்லாப் பிரசவ ஊசி' என்று சொல்லப்படுவது. கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தோ, ஒருக்களித்துப் படுக்கவைத்தோ, முதுகை இறால் மாதிரி வளைக்கச் சொல்வார்கள். மருந்து தடவிச் சுத்தம் செய்து, தோலை மரத்துப்போக வைத்து, இடுப்புப் பக்கத்து எலும்புகளுக்கு இடையே ஊசியைச் செலுத்தி, அதன் வழியாக மெல்லிய குழாயை உள்ளே வைத்துவிட்டு ஊசியை எடுத்துவிடுவார்கள். வலி அடங்க இன்னும் 10 முதல் 20 நிமிடம் ஆகும். சொல்லும்போது எளிது. நிறை வயிற்றோடு, சில நிமிடத்துக்கு ஒருமுறை வலி பிடித்திழுக்கும்போது, முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாமல், அசையாமல் இருக்க வேண்டும் என்பது சின்ன விஷயமில்லை. அப்போது முன்னால் உட்கார்ந்து தோளைத் தாங்கி, "வலி வருதா? சொல்லு, டாக்டர் நிறுத்துவார்" என்று ஒருவர் சொல்வதற்கு இருக்கும் மதிப்பு மிகப் பெரியது.

இந்த ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. தெலுங்கிலேயே வளர்ந்து, திருமணமாகி இந்தப் பக்கம் வந்த பெண்ணிடம் வளை, அசையாதே, மூச்சை விடு என்று தமிழில் சொன்னால், சாதாரண நாளில் அவளுக்குப் புரிந்துவிடும். வலியின் உச்சத்தில் தாய்மொழி தவிர எதுவும் ஏறாது. திருப்பதிக்குப் பிரசவத்துக்குப் போகும் தமிழ்ப் பெண்ணுக்கும் இதே கதைதான். அசையக் கூடாத நேரத்தில் சொன்னது புரியாமல் போவது ஆபத்து. அம்மாவோ அத்தையோ பக்கத்தில் இருந்து அவள் மொழியில் சொன்னால் மயக்க மருத்துவருக்கும் வேலை எளிதாகும்.

"ஆள் இருந்தா கிருமி தொத்திக்கும்" என்று வெளியே அனுப்புவதுண்டு. இந்தப் பயத்தை நான் ஒதுக்க மாட்டேன். 2008, 2009இல் அமெரிக்காவின் நியூயார்க், ஒஹாயோ மாநிலங்களில் பிரசவத்தின்போது முதுகுத்தண்டு ஊசி போட்டுக்கொண்ட ஐந்து பெண்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது, ஒருவர் இறந்தார். காரணமான கிருமி மனித வாயில் சாதாரணமாக இருப்பது. அதிலிருந்து கிடைத்த பாடம், அறையில் இருக்கும் எல்லோரும், மருத்துவர் உட்பட, மூக்கும் வாயும் மூட முகக்கவசம் போட வேண்டும் என்பது. அதற்காகத் துணையை விரட்ட வேண்டியதில்லை. முகக்கவசம், தொப்பி போட்டுக்கொண்டு, பெண்ணின் முன்பக்கம் மட்டும் இருந்து, பின்னால் விரித்த துணியையும் தட்டையும் தொடாதிருந்தால் போதும்.

இரண்டாவது பயம், துணைக்கு இருப்பவர் மயங்கி விழுவது. இதுவும் நிஜம். 2004இல் கலிஃபோர்னியாவில், ஊசி போடும்போது மனைவியைத் தாங்கி நின்ற கணவர் மயங்கி விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தே போனார். ஆகவே துணையாக இருப்பவர் நிற்கவே கூடாது, ஸ்டூலில் உட்கார வேண்டும். சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். ஊசியை எட்டிப் பார்க்கக் கூடாது. கண்ணை இருட்டினால் கூச்சப்படாமல் உடனே சொல்லிவிட வேண்டும்.

எதிர்ப்பக்கமும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: கணவர் பக்கத்தில் இருந்தாலே பெண்ணுக்குத் தைரியம் வந்துவிடும் என்பது. இஸ்ரேலில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, ஊசி போடும் நேரத்தில் துணைவரை உள்ளே வைத்தும் வெளியே அனுப்பியும் ஒப்பிட்டது. உள்ளே இருந்ததால் பெண்களின் பதற்றம் குறையவில்லை. பிரசவம் முழுக்க ஒருவர் கூடவே இருப்பதன் பலன் வேறு: 2017இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அப்படி இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்றது. இரண்டையும் சேர்த்து வைத்தால் எனக்குத் தெரிவது, யார் என்பதை உறவுமுறை முடிவு செய்யக் கூடாது என்பதே. ரத்தம் பார்த்தால் நடுங்கும் கணவரைவிட, இரண்டு பிள்ளை பெற்ற அக்கா அந்த நேரத்துக்குப் பொருத்தம். கலங்காத கணவர் என்றால் அவரே இருக்கட்டும். பெண்ணைத்தான் கேட்க வேண்டும், மாமியாரை அல்ல.

மற்றப் பேச்சுகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஊசியால் ஆயுள் முழுக்க முதுகு வலி வராது. போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம். சிசேரியனில் கொண்டுபோய் விடும் என்பதும் தவறு. ரத்த அழுத்தம் இறங்கலாம்; நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில் கடும் தலைவலி வரலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

எபிடியூரல் எல்லா இடத்திலும் கிடைக்காது; மயக்க மருத்துவர் இருக்கும் மருத்துவமனையால்தான் தர முடியும். திருத்தணியிலேயே பார்த்தாலும், திருவள்ளூர், சென்னை, திருப்பதி என்று போனாலும், ஒன்பதாம் மாதப் பரிசோதனையில் மூன்று கேள்வி கேளுங்கள்: ராத்திரியிலும் இந்த ஊசி உண்டா? போடும்போது துணை உள்ளே இருக்கலாமா? கூடாதென்றால் குழாய் வைத்ததும் உடனே உள்ளே விடுவீர்களா? வெளியே அனுப்பியே தீருவோம் என்றால், அந்த நேரத்துக்குக் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு நர்ஸை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.