வட்டமும் உருண்டையும்

தாம்பரத்தில் வாழும் மாணவன் ஒருவன் தன் முகவரியை முழுமையாக எழுதுவானாயின், அதனுள் வட்டத்தைக் குறிக்கும் சொற்கள் மூன்று வந்து அமையும். 2021ஆம் ஆண்டு உருவான தாம்பரம் மாநகராட்சி ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவன் வீடு அவற்றுள் ஒன்றில் இருக்கும். அம்மண்டலம் வட்டத்தினுள் அடங்கும். வட்டம் செங்கல்பட்டு மாவட்டத்தினுள் அடங்கும். மண்டலம் என்றாலும் வட்டம். மாவட்டம் என்றாலும் பெரிய வட்டம். ஆனால் நிலப்படத்தை விரித்துப் பார்த்தால் இம்மூன்றில் ஒன்றேனும் வட்டமாக இராது. சுற்றி வளைக்கப்பட்ட எல்லை என்னும் பொருளிலேயே இப்பெயர்கள் இங்கு வழங்குகின்றன. மாணவர்களே! வடிவம் மறைந்த பின்னும் சொல் வாழ்வதைக் கண்டீர்களா?

ஆங்கிலத்தில் ‘ரவுண்டு’ என்றொரு சொல் உண்டு. நாணயமும் ரவுண்டு, பந்தும் ரவுண்டு, வளையலும் ரவுண்டு, மரத்தூணும் ரவுண்டு. நம்மவர் அச்சொல்லை இரவல் வாங்கியதோடு அமையாது, அதற்கு ஒரு வாலும் ஒட்டி, சாலைகள் கூடும் திடலுக்கு ‘ரவுண்டானா’ என்று பெயர் சூட்டிவிட்டனர். அது நிற்க. அந்த ஒரு சொல்லைத் தமிழாக்கப் புகுவோன் முதலில் பொருளைக் கண்ணால் காணல் வேண்டும். அதன் பின்னரே சொல்லைத் தேடல் வேண்டும். இதனை யான் ஒரு மாணவனிடமிருந்தே கற்றேன்.

யான் ஆசிரியப் பணியில் அமர்ந்த தொடக்க ஆண்டுகளில், பூமி ரவுண்டு வடிவினது என்னும் ஆங்கிலத் தொடரை மொழிபெயர்க்குமாறு வகுப்பில் ஒரு தேர்வு வைத்தேன். எல்லாரும் ‘பூமி வட்டமானது’ என்று எழுதினர். ஒருவன் மட்டும் ‘உருண்டையானது’ என்று எழுதியிருந்தான். கையிலிருந்த சிற்றகராதியில் வட்டம் என்றே கண்டிருந்தமையால், அவனுக்கு அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். அவன் எழுந்து நின்று, “ஐயா, தோசையும் பூமியும் ஒரே வடிவமா?” என்று பணிவாகக் கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்கோ விடை கூற நா எழவில்லை. மறுநாள் அரை மதிப்பெண்ணைச் சேர்த்துக் கொடுத்தேன். ஏனையோர் விடைகளையும் திருத்தச் செய்தேன்.

அவன் சுட்டிய வேறுபாடு தமிழில் தெளிவாகவே உள்ளது. தட்டையாய்ப் பரந்திருப்பது வட்டம்: தோசை, அப்பளம், நாணயம் போல்வன. நடுவே வெளியாய் விளிம்பு மட்டும் சூழ்ந்திருப்பது வளையம். வளை என்னும் அடியிலிருந்து வளையல் பிறந்தது. நாற்புறமும் சூழப்பட்ட இடமாகிய வளாகமும் பிறந்தது. எப்பக்கம் நோக்கினும் ஒத்துத் திரண்டிருப்பது உருண்டை. எள்ளுருண்டையை எப்படித் திருப்பினாலும் எள்ளுருண்டையே அன்றோ! நீண்டு உருள்வது உருளை. உருண்டைக்கும் உருளைக்கும் அடிச்சொல் உருள் என்பதே. உருளைக்கிழங்கு பெரும்பாலும் முழு உருண்டையாக இருப்பதில்லை என்பதை அடுக்களையில் நீங்களே காணலாம். குண்டு என்பதும் உருண்டையையே குறிக்கும். ஆயின் அதற்கு ஆழம், பள்ளம் என்னும் பொருள்களும் உண்டு. மழைக்காலத்துச் சாலையைக் ‘குண்டும் குழியும்’ என்கிறோமே, அங்கே குண்டு என்பது உருண்டை அன்று, பள்ளமே.

இவ்வாறு ஒரு சொல் பல பொருள் தருவதை அறியவே முன்னோர் நிகண்டுகளை நெட்டுருச் செய்தனர். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒரு சொற் பல்பொருளுக்கென்றே அமைந்தது. என் ஆசிரியர் அதனை ஒப்பிக்கச் செய்தபோது, ஆழி என்னும் சொல்லில் நான் தடுமாறி நின்றது இன்றும் நினைவில் உள்ளது. ஆழி என்றால் சக்கரம். ஆழி என்றால் மோதிரம். ஆழி என்றால் கடல். சீதைக்கு அனுமன் கொணர்ந்து கொடுத்ததைக் கணையாழி என்கிறோம். இடம் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும்.

பரிதி என்னும் சொல்லும் இத்தகையதே. அது கதிரவனைக் குறிக்கும். வட்டத்தின் சுற்றளவையும் குறிக்கும். தாம்பரத்தில் இன்று விளங்கும் சென்னைக் கிறித்துவக் கல்லூரி, 1937ஆம் ஆண்டிற்கு முன்னர்ச் சென்னை நகரினுள் இருந்தது. அங்குத் தமிழ் கற்பித்தவர் சூரியநாராயண சாத்திரியார் (1870–1903). அவர் தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என மாற்றிக்கொண்டார். சூரியன் பரிதி ஆயிற்று; நாராயணன் மால் ஆயிற்று; சாத்திரி கலைஞர் ஆயிற்று. மால் என்பதன் லகரம், கலைஞர் என்பதன் ககரத்தோடு புணருங்கால் றகரமாய்த் திரிந்தமையும் காண்க.

இனிக் கோடு என்னும் சொல்லை நோக்குவோம். இன்று கோடு என்றவுடன் அளவுகோலை வைத்து நேராக இழுப்பதே நம் நினைவிற்கு வரும். பழந்தமிழிலோ கோடுதல் என்பது வளைதல். யானையின் தந்தம் கோடு, விலங்கின் கொம்பு கோடு, சங்கும் கோடு. நீர்நிலையின் கரையும் கோடு எனப்பட்டது. நம் பக்கத்துச் சிட்லபாக்கத்திலோ சேலையூரிலோ ஏரிக்கரையை நினைத்துப் பாருங்கள். நெறி தவறிய அரசனின் கோலைக் கொடுங்கோல் என்றதும், வளைந்த கோல் என்னும் கருத்தினாலேயே. வளைவைக் குறித்த சொல் காலப்போக்கில் நேர்மைக்கு உரியதாயிற்று!

நேர்கோட்டைக் கொண்டு வளைவை அளந்த செய்தி ஒன்றும் இப்பகுதிக்கு உண்டு. 1802ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்பார் பரங்கிமலையின் அருகே நில அளவை தொடங்கினார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் கிடத்தி, பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவை அளந்தனர். அந்த அடிக்கோட்டின் மேல் முக்கோணங்களை அடுக்கடுக்காகக் கட்டிச் சென்ற அளவை, பின்னர் குமரிமுனை தொடங்கி இமயத்தின் அடிவாரம் வரை நீண்டது. நிலப்படம் வரைதல் மட்டும் லாம்டனின் நோக்கம் அன்று. பூமியின் வடிவத்தைத் துல்லியமாக அறிதலும் அவர் நோக்கமாக இருந்தது. வளைவு குறைந்த இடத்தில் ஒரு பாகைக்குரிய தரைநீளம் மிகும். வளைவு மிகுந்த இடத்தில் அது குறையும். ஆகவே தெற்கிலும் வடக்கிலும் அந்நீளத்தை அளந்து ஒப்பிட்டால், பூமி எங்கே தட்டையாய் இருக்கிறது என்பது புலப்படும்.

பூமியின் குறுக்களவு நடுக்கோட்டில் 12,756 கிலோமீட்டர். துருவங்களின் வழியே 12,714 கிலோமீட்டர். மேலும் கீழும் சற்றே அமுக்கிய உருண்டை எனலாம். அவ்வாறாயின், அன்று உருண்டை என்று எழுதிய மாணவனின் விடையிலும் நாற்பது கிலோமீட்டர் அளவிற்குப் பிழை உண்டு. ஆயினும் கொடுத்த அரை மதிப்பெண்ணை நான் திரும்பப் பெறவில்லை.