பிரிக்காத புத்தகம் எத்தனை இருக்கு, சொல்லு பார்ப்போம்!

செஞ்சியில் புத்தகப் பைத்தியங்களுக்குக் குறைச்சலே இல்லை. ஜனவரி வந்தால் சென்னைப் புத்தகக் காட்சி, அது முடிந்தால் மாவட்டப் புத்தகத் திருவிழா. நடுவில் திருவண்ணாமலை, புதுச்சேரி என்று போகிற ஊரில் எல்லாம் கண்ணில் ஒரு கடை படும். அலமாரி நிறைந்து, பீரோ தலையில் ஏறி, கடைசியில் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்கக்கூட இடம் கிடையாது.

வாங்காதே என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை. ஒன்றே ஒன்று: வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் வர ஒரு காரணம் இருக்கட்டும், போக ஒரு வழியும் இருக்கட்டும். அதற்குத்தான் இந்தப் பத்து யோசனை.

1. முதலில் கணக்கெடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கு. இன்னும் பிரிக்காத புத்தகங்களை மட்டும் தரையில் எடுத்து அடுக்கு. குவியலைப் பார்த்ததும் உனக்கே பாதிப் புத்தி வந்துவிடும். பிறகு ஒவ்வொரு தட்டையும் முதுகுப்பக்கம் தெரிகிற மாதிரி போனில் படம் பிடித்துத் தனி ஆல்பமாக வை. கடையில் சந்தேகம் வந்தால் அதைப் பார். பட்டியல் எழுத நேரமில்லாதவர்களுக்கு இதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

எல்லாரும் செய்கிற தப்பு, இருப்பதையே திரும்ப வாங்குவது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதனால் 'பொன்னியின் செல்வன்' வருடா வருடம் புது அட்டையோடு வந்து கண்ணைப் பறிக்கும். உள்ளே இருப்பது 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் தொடராக வந்த அதே ஐந்து பாகம்தான். அட்டைக்காக இன்னொரு செட் வாங்காதே.

2. சேகரிப்பதும் குவிப்பதும் ஒன்றில்லை

கேட்டால், "ரோஜா முத்தையா மாதிரி சேர்க்கிறேன் அக்கா" என்பாய். கோட்டையூர்க்காரரான அவர் ஏறக்குறைய ஒரு லட்சம் அச்சுப் பிரதிகள் சேர்த்தார். நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகையைக்கூட விடவில்லை. 1992-ல் அவர் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. தமிழில் அச்சானது எதுவும் அழிந்துவிடக் கூடாது என்ற ஒரே நோக்கில் சேர்த்தவர் அவர். உன் குவியலுக்கு என்ன நோக்கம்? சிகாகோவிலிருந்து ஆள் வரும் என்று உட்கார்ந்திருக்காதே.

சேர்க்கத்தான் வேண்டும் என்றால் ஒரு துறையைப் பிடித்துக்கொள். செஞ்சியிலேயே இருக்கிறாய், செஞ்சியைச் சேரேன்! 1714 போரில் இளவயதிலேயே மாண்ட தேசிங்கு ராஜாவின் கதை, பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகி ஊர் ஊராகப் போனது. சி. எஸ். சீனிவாசாச்சாரி ஆங்கிலத்தில் எழுதிய செஞ்சி வரலாற்றை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943-ல் வெளியிட்டது. இப்படிப்பட்டதைத் தேடு. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12 யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை நம்முடையது ஒன்றுதான். இனி அட்டையில் நம் கோட்டையின் ராஜகிரி மலைப் படம் போட்ட புத்தகங்கள் நிறைய வரும். படத்தைப் பார்த்து ஏமாறாதே. கடைசிப் பக்கத்தில் ஆதார நூல் பட்டியல் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் கீழே வை.

3. புத்தகக் காட்சிக்குக் கட்டுப்பாட்டோடு போ

* பட்டியல் எழுதிக்கொண்டு போ. பட்டியலில் இல்லாதது இரண்டுக்கு மேல் கூடாது.
* வாங்குகிற பணத்தை ஒரு கவரில் போட்டுக்கொள். கவர் காலியானால் பஸ் ஏறு. போனை நீட்டிப் பணம் கட்டினால் கணக்கே தெரியாது.
* முதல் சுற்று பார்க்க மட்டும். இரண்டாவது சுற்றில் வாங்கு. முதல் சுற்றில் துடித்த பாதி ஆசை டீ குடிப்பதற்குள் அடங்கிவிடும்.
* பத்து சதவீதத் தள்ளுபடி லாபம் இல்லை. தேவையில்லாத புத்தகத்துக்குத் தொண்ணூறு சதவீதம் தண்டம் கட்டுகிறாய்.
* சின்னப் பையாக எடுத்துப் போ. திண்டிவனம் வழியாகச் செஞ்சி வரைக்கும் அதைச் சுமக்கப்போவது நீதான்.

"இந்த வருஷம் விட்டால் கிடைக்காது" என்று பதறாதே. சென்னைப் புத்தகக் காட்சி 1977-ல் தொடங்கியது. அடுத்த பொங்கலுக்கும் இருக்கும்.

4. நடுப்பக்கம் படித்துவிட்டு வாங்கு

முன்னுரையும் பின்னட்டைப் புகழுரையும் எல்லாப் புத்தகத்திலும் இனிக்கும். நடுவில் ஏதாவது இரண்டு பக்கத்தை நின்றபடியே படி. மூன்றாவது பக்கம் திருப்பத் தோன்றினால் வாங்கு. எழுத்து பொடியாக இருந்தால் வாங்காதே. அப்புறம் கண்ணாடியைக் குறை சொல்லிப் புத்தகத்தை மூடி வைப்பாய்.

5. காசில்லாமல் படிக்க வழி இருக்கும்போது ஏன் தண்டச்செலவு?

1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. இன்றைக்கும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆக, அரசு நூலகத்துப் புத்தகத்துக்கு ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டாய். போய் உறுப்பினராகு. ஒரே ஒரு தடவை படிக்கிற நாவலை அங்கே எடு. திரும்பத் திரும்பப் புரட்டுகிற புத்தகத்தைச் சொந்தமாக வாங்கு.

பாரதி, கல்கி, புதுமைப்பித்தன் எல்லாரும் நாட்டுடைமை ஆனவர்கள். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அங்கேயும் நூறு நூறாக இறக்கி போனை நிரப்பாதே. நோய் அதேதான், இடம்தான் வேறு.

6. ஒன்று வந்தால் ஒன்று போகட்டும்

அலமாரிதான் எல்லை. புது அலமாரி வாங்கினால் பிரச்சினை தீரும் என்று நினைக்காதே. அது வந்த ஆறே மாதத்தில் நிரம்பிவிடும். நம் கோட்டையில் ராஜகிரி அடிவாரத்துக் களஞ்சியத்தைப் பார்த்திருப்பாய். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை சுற்றி வளைத்து நின்ற கோட்டைக்கு அவ்வளவு பெரிய களஞ்சியம் தேவைதான். உன் வீட்டை எந்தப் படையும் முற்றுகை போடவில்லை. பத்து வருடத்துக்கான சரக்கை இப்போதே ஏற்றி வைக்காதே.

7. ஐப்பசி மழைக்கு முன்னால் அலமாரியைப் பார்

வாங்கத் தெரிந்த பாதிப் பேருக்குக் காப்பாற்றத் தெரிவதில்லை.

* அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதே. நான்கு விரல் இடைவெளி விடு. ஈரமும் கரையானும் சுவர் வழியாகத்தான் வரும். பின்பக்கம் மண் கோடு தெரிகிறதா என்று மாதம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்.
* கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு சாணாவது உயரத்தில் இருக்கட்டும்.
* பாலிதீன் பையில் கட்டி வைக்காதே. உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.
* இறுக்கி அடுக்காதே. காற்று போகாத இடம் ராமபாணப் பூச்சிக்குக் கொண்டாட்டம். பைண்டிங் பசைதான் அதற்கு விருந்து.
* காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்று வை. வாசம் போனதும் மாற்று. அந்துருண்டை வைத்தால் குழந்தை கைக்கு எட்டாமல் வை.
* நனைந்த புத்தகத்தை வெயிலில் போடாதே, தாள் நெளிந்துவிடும். மின்விசிறிக்கு எதிரே விரித்து நிறுத்தி, நடுநடுவே உறிஞ்சுகிற தாளை மாற்றிக்கொண்டே இரு.
* கிழிசலுக்குச் செலோ டேப் ஒட்டாதே. நாளடைவில் பழுப்பேறித் தாளையே தின்றுவிடும்.
* திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகத்தை நேராக அலமாரியில் செருகாதே. இரண்டு வாரம் தனியே வைத்துப் பூச்சி இல்லையென்று தெரிந்த பிறகு உள்ளே விடு.

8. இரவல் கொடுத்தால் எழுதி வை

"படிச்சிட்டுத் தரேன்" என்பவர் முகம் நினைவிருக்கும், தேதி இருக்காது. புத்தகத்தைக் கையில் பிடித்தபடி அவரையே ஒரு படம் எடுத்துக்கொள். திரும்பக் கேட்கும்போது அந்தப் படத்தை அனுப்பினால் போதும், சண்டையே வராது. கை நழுவினால் மனம் உடையும் என்கிற புத்தகத்தை யாருக்கும் கொடுக்காதே. அதில் தாட்சண்யம் பார்க்காதே.

9. வெளியே அனுப்பும் வழி

* பழைய போட்டித் தேர்வு கைடுகளை முதலில் கழி. பாடத்திட்டம் மாறிய பிறகு அதை இன்னொருவருக்குக் கொடுப்பது உதவி இல்லை. பழைய பேப்பர் கடைக்குத்தான் போக வேண்டும்.
* குழந்தைகள் கதைப் புத்தகங்களைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடு.
* நூலகத்துக்குக் கொடுப்பதற்கு முன் என்ன வேண்டும் என்று கேள். கிழிந்ததை மூட்டை கட்டி அவர்கள் தலையில் இறக்காதே.
* தாத்தா காலத்துப் பெரிய எழுத்துக் கதை, பழைய பத்திரிகை, துண்டு நோட்டீஸ் கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாதே! ரோஜா முத்தையா நூலகத்தையோ புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்தையோ கேட்டுப் பார்.
* உனக்குப் பிறகு எது யாருக்கு என்று ஒரு தாளில் எழுதி வை. 1950-ல் மறைமலையடிகள் காலமான பின், அவர் சேர்த்த நூல்களைக் கொண்டு 1958-ல் அவர் பெயரிலேயே நூலகம் வந்தது. எல்லார் வீட்டுப் புத்தகத்துக்கும் அந்தக் கொடுப்பினை தானாக அமையாது.

10. வாங்குகிற நேரத்தில் பாதியைப் படிக்கக் கொடு

நேரமில்லை என்று சொல்லாதே. குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் நான்கு பக்கம் ஓடும். ஒரு புத்தகம் கைப்பையில், ஒன்று தலைமாட்டில், அவ்வளவுதான். ஐம்பது பக்கம் தாண்டியும் பிடிக்கவில்லையா? கூச்சப்படாமல் மூடி 9-ஆவது யோசனைக்கு அனுப்பு. கையில் இருப்பதில் இரண்டு முடித்தால் புதிதாக ஒன்று வாங்கலாம். இதில் சலுகை கிடையாது.

பத்தையும் ஒரே நாளில் செய்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காராதே. இந்த வாரம் முதலாவது, மழை தொடங்குவதற்குள் ஏழாவது. மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வரட்டும். பொங்கலுக்குச் சென்னை கிளம்பும்போது மட்டும் பட்டியலை அக்காவிடம் காட்டிவிட்டுப் போ. பாதியை நான் அடித்துத் தருகிறேன்.